சொன்னதைத் திரும்பப் பெறுதல்: ஒரு வினைச்சொல்லைப் பிழையின்றிக் கையாள முழுமையான வழிகாட்டி

"தலைவர் தாம் சொன்னதைத் திரும்பச் சொன்னார்."

"தலைவர் தாம் சொன்னதைத் திரும்பப் பெற்றார்."

இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். கடைசிச் சொல்லை எட்டும் வரை ஓர் ஒற்றெழுத்துதான் வேறுபாடு. ஆனால் முதல் வாக்கியத்தில் தலைவர் பிடித்த பிடியில் நிற்கிறார். இரண்டாவதில் இறங்கி வந்துவிட்டார். "திரும்ப" என்பதற்கு மறுபடியும் என்றும் பொருள் உண்டு, வந்த வழியே பின்னோக்கி என்றும் பொருள் உண்டு. எந்தப் பொருள் என்பதை அடுத்து நிற்கும் வினைதான் தீர்மானிக்கிறது.

பிறர் எழுதியதைத் திருத்துவது என் தொழில். பல ஆண்டுகளில் நான் கண்டது, இந்த ஒரு செயலைக் குறிக்கும் வினைகளில் ஏற்படும் பிழைகள் சந்திப் பிழைகளைவிட அதிகச் சேதம் விளைவிக்கின்றன என்பதுதான். மறுத்தார், பின்வாங்கினார், வாபஸ் வாங்கினார், மாற்றிப் பேசினார், பிறழ்ந்தார், கைவிட்டார், விளக்கம் அளித்தார் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பொருளுடைய சொற்களாக எண்ணி, எது கைக்கு வருகிறதோ அதை எழுதிவிடுகிறார்கள். உண்மையில் இவை ஒவ்வொன்றும் பேசியவரைப் பற்றி ஒவ்வொரு தீர்ப்பைச் சொல்கின்றன. எனவே, வினையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பின்பற்றும் வரிசையை இங்கே எழுதி வைக்கிறேன்.

படி 1: சொன்னதை அவர் ஒப்புக்கொள்கிறாரா?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. கையில் இல்லாத பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியாததுபோல, சொல்லாத சொல்லைத் திரும்பப் பெறவும் முடியாது. "திரும்பப் பெறுகிறேன்" என்று ஒருவர் சொல்லும்போதே "ஆம், சொன்னவன் நான்தான்" என்ற ஒப்புதல் அதற்குள் இருக்கிறது. மறுத்தல் இதற்கு நேர் எதிரானது. "மறுக்கிறேன்" என்பவர் சொல்லவே இல்லை என்கிறார், அல்லது சொல்லப்பட்டது உண்மை இல்லை என்கிறார்.

இந்த வேறுபாட்டை நான் கற்றுக்கொண்டது ஓர் அசட்டுத்தனத்தால். ஒரு சிறிய செய்திக்குத் தலைப்பு வைக்கும்போது இடம் போதவில்லை. "திரும்பப் பெற்றார்" என்ற இரண்டு சொற்களை வெட்டிவிட்டு "மறுத்தார்" என்று போட்டுவிட்டேன். அந்த மனிதர் ஒரு கூட்டத்தில் கோபத்தில் ஏதோ பேசிவிட்டு, மறுநாளே, "அப்படிச் சொன்னது தவறு, திரும்பப் பெறுகிறேன்" என்று கண்ணியமாக அறிவித்திருந்தார். என் தலைப்போ அவரைப் பொய்யராக்கிவிட்டது. அவர் தொலைபேசியில் அழைத்தார். "சொன்னேன் ஐயா, இருநூறு பேர் முன்னால் சொன்னேன். சொல்லவே இல்லை என்று நான் எப்போது சொன்னேன்?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

"மறு" என்ற வினையே கொஞ்சம் வழுக்கக்கூடியது. அதற்கு இரண்டு அமைப்புகள் உண்டு. "வர மறுத்தார்" என்றால் வருவதற்கு இணங்கவில்லை. "வந்ததை மறுத்தார்" என்றால் வந்தது நடக்கவே இல்லை என்றார். முன்னால் "செய" என்னும் எச்சம் வந்தால் இணங்காமை. இரண்டாம் வேற்றுமை உருபு வந்தால் உண்மை இல்லை என்று சொல்லுதல். கிறித்தவச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1521 ஏப்ரல் மாதம் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால் நிறுத்தப்பட்டபோது, தம் எழுத்துகளைத் திரும்பப் பெற மறுத்தார். இதை யாராவது அவசரத்தில் "தம் எழுத்துகளை மறுத்தார்" என்று சுருக்கினால் வரலாறே தலைகீழாகிவிடும்.

"சொன்னதை மறுத்தார்" என்ற தொடரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தாம் சொன்னதையா, பிறர் சொன்னதையா? தாம் அப்படிச் சொல்லவில்லை என்றாரா, பிறர் சொன்னது தவறு என்றாரா? நான் இந்தத் தொடரை எங்கே கண்டாலும் உடைத்துவிடுவேன். "தாம் அவ்வாறு சொன்னதாகக் கூறப்படுவதை மறுத்தார்" என்று விரித்து எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை. இங்கே ஒரு கைக்கணக்கும் கிடைக்கிறது: "சொன்னதாக" என்று வந்தால் அடுத்து வர வேண்டியது மறுத்தல், தாம் "சொன்னதை" என்று வந்தால் அடுத்து வர வேண்டியது திரும்பப் பெறுதல். "தாம் சொன்னதாகக் கூறப்படும் கருத்தைத் திரும்பப் பெற்றார்" என்பது தன்னையே கடித்துக்கொள்ளும் வாக்கியம். ஆனால் அன்றாடம் அச்சாகிறது.

மறுதலித்தல் என்றொரு சொல்லும் இருக்கிறது. அது வெறும் மறுப்பைவிடக் கனமானது; உறவையே இல்லை என்று சொல்வது. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று முறை சொன்னதற்குத் தமிழ் விவிலியம் கையாண்டது இந்தச் சொல்லைத்தான். அதனால் பலர் காதில் அதற்குத் துரோகத்தின் ஒலி இருக்கிறது. புள்ளிவிவரத்தில் பிழை என்று சொன்ன அதிகாரிக்கு "மறுதலித்தார்" என்று எழுத வேண்டாம்.

படி 2: சொன்னது எந்த வகைச் சொல்?

ஒப்புக்கொள்கிறார் என்று தெரிந்த பிறகு, எதைத் திரும்பப் பெறுகிறார் என்று பார்க்க வேண்டும். எல்லாச் சொல்லும் திரும்பி வரக்கூடிய சொல் அல்ல.

கருத்து, பேச்சு, குற்றச்சாட்டு, புகார், வழக்கு, மனு, ராஜினாமா ஆகியவற்றில் சிக்கல் இல்லை. "திரும்பப் பெற்றார்" என்பது இவற்றோடு இயல்பாகப் பொருந்தும்.

வாக்குறுதி அப்படிப்பட்டதல்ல. "வாக்குறுதியைத் திரும்பப் பெற்றது" என்று எழுதினால் இலக்கணம் தடுக்காது, தமிழ்ச் செவிதான் தடுக்கும். ஏனென்றால் வாக்கு கொடுக்கப்படுவது. கொடுத்தபின் அது கேட்டவருடையது. கொடுத்தவர் தம் விருப்பப்படி எடுத்துக்கொள்ள அதில் அவருக்கு உரிமை இல்லை. அதனால்தான் தமிழில் வாக்கு தவறுதல், வாக்கு மீறுதல், வாக்கு மாறுதல், சொல் பிறழ்தல் என்று பழி சுமந்த வினைகளாகவே இருக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் காப்பாற்றுதலும் நிறைவேற்றுதலும் நிற்கின்றன. நடுவில் பழியே ஒட்டாத "திரும்பப் பெறுதல்" வந்து உட்கார்ந்தால் யாருக்கு வசதி என்று சொல்லத் தேவையில்லை. அறிக்கை எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லை விரும்புவார்கள்; அந்த அறிக்கையைச் செய்தியாக்குகிறவர்கள் அப்படியே எடுத்தாள வேண்டியதில்லை.

சொல் நகர்வதைக் குறிக்கப் பழந்தமிழ் "பெயர்" என்ற வினையைப் பயன்படுத்தியது. புறநானூற்றின் மூன்றாம் பாட்டில் இரும்பிடர்த்தலையார் பாண்டிய மன்னனிடம் "நிலம் பெயரினும் நின்சொல் பெயரல்" என்கிறார். பெயரல் என்றால் பெயராதே. நிலத்துக்கும் சொல்லுக்கும் ஒரே வினை. இரண்டும் இடம்விட்டு நகரக் கூடாதவை. அங்கே சொல் யாருடைய கையிலும் இருக்கும் பொருள் அல்ல, எல்லோரும் காலூன்றி நிற்கும் தரை. இன்றைய வினையில் சொல் ஒரு சரக்காகிவிட்டது: கொடுத்தோம், திரும்பப் பெற்றோம்.

சாபம் இன்னொரு விலக்கு. நம் புராணக் கதைகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கோபம் தணிந்த முனிவர்கூட இட்ட சாபத்தைத் திரும்பப் பெறுவதில்லை. பெற முடியாது என்பதே கதையின் விதி. அகலிகைக்குக் கௌதமர் சாபத்தை நீக்கிவிடவில்லை. இராமனுடைய பாதத்தூளி படும்போது விடிவு வரும் என்று இன்னொரு சொல்லைச் சேர்க்கிறார். எனவே சாப விமோசனம், சாப நீக்கம் என்று எழுதலாம். "சாபத்தைத் திரும்பப் பெற்றார்" என்று எழுதினால் கதை தெரிந்த பாட்டி சிரிப்பார்.

அடுத்தது சாட்சியம். விசாரணையில் ஒன்றைச் சொல்லிவிட்டு நீதிமன்றத்தில் வேறொன்றைச் சொல்லும் சாட்சி எதையும் திரும்பப் பெறுவதில்லை. முன்பு சொன்னது ஏட்டில் இருக்கிறது, இப்போது சொல்வதும் ஏட்டில் ஏறுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக அருகருகே நிற்கின்றன. இங்கே பொருந்துவது "மாற்றிச் சொன்னார்" அல்லது "முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னார்". பத்திரிகைகள் வழங்கும் "பிறழ் சாட்சி" நல்ல ஆக்கம். சுருக்கமானது, தமிழ்த்தன்மை உடையது. ஆனால் அது எழுதுகிறவர் தம் போக்கில் சூட்டும் பட்டம் அல்ல. அழைத்த தரப்பு கேட்டு, நீதிமன்றம் ஏற்ற பிறகே அந்த நிலை வருகிறது. "பிறழ் சாட்சியாக அறிவிக்கப்பட்டார்" என்பது பாதுகாப்பான வடிவம். குற்றத்தை ஒப்புக்கொண்டு கொடுத்த வாக்குமூலத்துக்கு மட்டும் "திரும்பப் பெற்றார்" பொருந்தும். சட்ட வழக்கிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சட்டமும் ஆணையும் வந்தால் "ரத்து" என்ற சொல் போட்டிக்கு வருகிறது. திரும்பப் பெறுதல் வெளியிட்டவரின் செயல். ரத்து அவராலும் நடக்கலாம், அவருக்கு மேலிருப்பவராலும் நடக்கலாம். அரசு தன் ஆணையைத் திரும்பப் பெறும். நீதிமன்றம் அதை ரத்து செய்யும். நீதிமன்றம் அரசின் ஆணையைத் "திரும்பப் பெற்றது" என்று எழுத முடியாது. இந்தியாவின் மூன்று வேளாண் சட்டங்கள் வாபஸ் என்ற அறிவிப்பு 2021 நவம்பர் 19 அன்று வந்தது. அவற்றை நீக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது நவம்பர் 29 அன்று. இடையிலான பத்து நாளும் அந்தச் சட்டங்கள் வாபஸ் என்று அறிவிக்கப்பட்டவையே தவிர, நீக்கப்பட்டவை அல்ல. சொல்லைத் திரும்பப் பெறுவதற்கு வாய் போதும், சட்டத்தை நீக்கச் சட்டம் வேண்டும்.

கடைசி வகை கொள்கை, நம்பிக்கை. கலிலியோ 1633 ஜூன் 22 அன்று, ரோமில், 69 வயதில், மண்டியிட்டுப் படித்த உரையை "தம் கருத்தைத் திரும்பப் பெற்றார்" என்று நம் பாடப் பேச்சுகளில் சொல்கிறோம். அது மிகவும் மெலிந்த மொழிபெயர்ப்பு. பூமி சுழல்கிறது என்ற கொள்கையைத் தாம் வெறுப்பதாகவும் சபிப்பதாகவும், இனி ஒருபோதும் பேசுவதில்லை என்றும் அவர் ஆணையிட வேண்டியிருந்தது. ஓர் அறிக்கையை வாபஸ் வாங்குவதோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியுமா? "ஆணையிட்டுக் கைவிட்டார்" என்றோ, அழுத்தம் தெரிய வேண்டுமானால் "கைவிடுவதாக ஆணையிட வைக்கப்பட்டார்" என்றோ எழுதுவேன். "ஆனாலும் அது சுழல்கிறது" என்று எழுந்திருக்கும்போது முணுமுணுத்தாராம் என்று ஒரு கதை உண்டு. அதற்குச் சமகாலச் சான்று கிடையாது. ஆனால் அந்தக் கதை ஏன் பிறந்தது என்பது நம் பொருளுக்கு நெருக்கமானது: வாய் திரும்பப் பெறலாம், மனம் திரும்பப் பெற்றதா என்று யாருக்குத் தெரியும்? வினைச்சொல் வாயைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

படி 3: வினையின் நிறம்

ஒரே செயலைப் பல வினைகள் குறிக்கும்போது வேறுபடுவது தொனி.

"திரும்பப் பெறு" நிறமற்றது. யாரையும் உயர்த்தாது, தாழ்த்தாது. ஐயம் இருந்தால் இதையே எழுதுங்கள். இலங்கைத் தமிழ் ஏடுகளில் "மீளப் பெறு" என்பது இதே இடத்தில் இயல்பாக வழங்குகிறது. கேட்கவும் அழகாக இருக்கிறது. ஆனால் அதிலிருந்து பெயர்ச்சொல் செய்கிறேன் என்று "கருத்து மீட்பு" என்று எழுதிவிடாதீர்கள். மீட்பு என்றால் வெள்ளத்திலிருந்தோ கடத்தல்காரரிடமிருந்தோ காப்பாற்றுவது.

"வாபஸ்" பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்து, நம் அலுவலகங்களில் குடியேறிவிட்ட சொல். வேட்புமனு வாபஸ், புகார் வாபஸ், வேலைநிறுத்தம் வாபஸ் என்று முறையான நடவடிக்கைகளோடு நன்றாகச் சேரும். வாபஸ் பெற்றார், வாபஸ் வாங்கினார் இரண்டும் சரி. இரண்டாவது கொஞ்சம் பேச்சுவாடை கொண்டது. வாபஸ் என்பதற்கே "திரும்ப" என்றுதான் பொருள். ஆகவே "திரும்ப வாபஸ் பெற்றார்" என்பது இரண்டு முறை திரும்பியதாகிறது. தலைப்பில் இடம் மிச்சப்படுத்த மூன்றெழுத்து வாபஸ் தோதானது என்பதால் இதன்மீது எனக்குக் கொஞ்சம் சலுகை உண்டு.

"பின்வாங்கு" போர்க்களத்துச் சொல். படை பின்வாங்கும். எனவே அதில் தோல்வியின் சாயல் இருக்கிறது. எதிரில் யாரோ அழுத்தினார்கள், இவர் இடம் கொடுத்தார் என்ற படம் தெரிகிறது. தானே யோசித்துத் தவறை உணர்ந்தவருக்கு இது அநியாயம். அதோடு இது இரண்டாம் வேற்றுமையை ஏற்காது. "கருத்தைப் பின்வாங்கினார்" என்று பார்த்தால் என் பேனா தானாகவே நகர்ந்துவிடுகிறது. "கருத்திலிருந்து பின்வாங்கினார்" என்பதே சரி. பின்வாங்கியவர் சொன்னதைத் திரும்பப் பெற்றார் என்றும் ஆகாது. இனி அதற்காக வாதாடவில்லை என்பது மட்டுமே.

"பல்டி அடித்தார்" என்பது கேலி. கேலிச்சித்திரத்துக்கு விட்டுவிடலாம்.

நழுவினார், மழுப்பினார், பூசி மெழுகினார் என்ற மூன்றும் திரும்பப் பெறாதவர்களுக்கு உரியவை. கேள்வி வந்தபோது நேராகப் பதில் சொல்லாமல் போனவர் நழுவினார். பதில்போல ஒன்றைச் சொல்லி முடித்தவர் மழுப்பினார். முன்பு சொன்னதன் கூர்மை தெரியாதபடி மேலே வேறு சொற்களை அப்பியவர் பூசி மெழுகினார். "விளக்கம் அளித்தார்" என்ற மரியாதையான சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த மூவரில் ஒருவர் ஒளிந்திருப்பார்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. சொன்னதைத் தின்றார், தன் சொற்களை விழுங்கினார் என்று சில மொழிபெயர்ப்புகளில் காண்கிறேன். மூல மொழியில் அது மரபுத்தொடராக இருக்கலாம். தமிழில் சொற்களை விழுங்குகிறவர் தெளிவாக உச்சரிக்காதவர், அல்லது சொல்ல வந்ததைச் சொல்லாமல் நிறுத்தியவர். நம்மிடமும் வாயோடு தொடர்புடைய ஓர் உருவகம் உண்டு; துப்பிய எச்சிலை விழுங்குவது. அது வசை. நடுநிலையான இடத்தில் வைக்க முடியாது.

படி 4: ஒற்று, வேற்றுமை, துணைவினை

"கருத்தைத் திரும்பப் பெற்றார்." இந்த மூன்று சொற்களில் இரண்டு இடங்களில் வல்லினம் மிகுகிறது. "கருத்தை" என்ற இரண்டாம் வேற்றுமை விரிக்குப் பின் த். "திரும்ப" என்ற செய என்னும் வினையெச்சத்துக்குப் பின் ப். இரண்டையும் விட்டுவிடுவது இன்று பழக்கமாகிவிட்டது. "திரும்பப் பெற மறுத்தார்" என்பதில் "பெற"வுக்குப் பின் மெல்லினம் வருவதால் எதுவும் மிகாது. "திரும்பப் பெறக் கோரினார்" என்றால் க் வரும். "திரும்ப எடுத்துக்கொண்டார்" என்றால் உயிரெழுத்து வருவதால் ஒற்று இல்லை.

றகரத்தில் கவனம் வேண்டும். "திரும்பப் பெருகிறேன்" என்று எழுதிய ஒரு மன்னிப்புக் கடிதத்தைப் பார்த்திருக்கிறேன். பெறுதல் கையில் வாங்குவது, பெருகுதல் வெள்ளம்போல் மிகுவது. மன்னிப்புக் கேட்கிறவர் மறுபடியும் பொங்கி வருவதாக எழுதினால் வாங்குகிறவர் பயப்பட மாட்டாரா?

எழுவாய் எப்போதும் சொன்னவரே. பிறர் அழுத்தம் கொடுத்தால் அது வேறு வினையில் வர வேண்டும்: திரும்பப் பெறுமாறு வலியுறுத்தினர், திரும்பப் பெற வைத்தனர், திரும்பப் பெறச் செய்தனர். அமைப்பின் சார்பில் ஒருவர் சொன்னதை அந்த அமைப்பு திரும்பப் பெறலாம். ஆனால் கட்சித் தலைமை தன் உறுப்பினரின் தனிப்பட்ட கருத்தைத் திரும்பப் பெற முடியாது; அந்தக் கருத்து தன்னுடையது அல்ல என்று விலகிக்கொள்ளத்தான் முடியும்.

செயப்பாட்டு வினை இங்கே ஒரு பதுங்குகுழி. "சர்ச்சைக்குரிய கருத்து திரும்பப் பெறப்பட்டது" என்று வந்தால், யார் பெற்றார் என்று கேளுங்கள். பல நேரங்களில் யாரும் பெற்றிருக்க மாட்டார்கள். பெயர் தெரிந்தால் செய்வினையில் எழுதுவதே நேர்மை.

துணைவினைகள் நுட்பமான வேலை செய்கின்றன. "திரும்பப் பெற்றுக்கொண்டார்" என்பதில் உள்ள கொள், தானாகச் செய்தார் என்ற குறிப்பைத் தருகிறது. "திரும்பப் பெற்றுவிட்டார்" என்பதில் உள்ள விடு, முடிந்துபோயிற்று, இனி அதைக் கிளறுவதற்கில்லை என்கிறது. எதிர்த்தரப்பு இன்னும் விடாமல் துரத்தும்போது "அவர்தான் திரும்பப் பெற்றுவிட்டாரே" என்று நாம் சொல்வது இந்த விடு கொடுக்கும் தைரியத்தில்தான். ஆட்களைப் பொறுத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால் வெறும் "பெற்றார்" போதும்.

படி 5: நீங்களே திரும்பப் பெறும்போது

இதுவரை பிறரைப் பற்றி எழுதுவது. தன் சொல்லைத் தானே திரும்பப் பெறுகிறவருக்கு இந்த வினை வேறு விதமாக வேலை செய்கிறது. "நடக்கிறேன்" என்று சொன்னால் மட்டும் நடை நிகழ்ந்துவிடாது. "திரும்பப் பெறுகிறேன்" என்று சொன்னால் திரும்பப் பெறுதல் அங்கேயே நிகழ்ந்துவிடுகிறது. சொல்வதே செயல். ஆனால் அதற்குத் தன்மையும் நிகழ்காலமும் வேண்டும். "திரும்பப் பெறுவேன்" என்பது வாக்குறுதி. "திரும்பப் பெற வேண்டும் என்று நினைக்கிறேன்" என்பது ஆசை. "திரும்பப் பெறவும் தயங்க மாட்டேன்" என்பது மேடைப் பேச்சு. இவற்றில் எதுவும் எதையும் திரும்பப் பெறவில்லை.

எழுதும்போது எதைத் திரும்பப் பெறுகிறீர்கள் என்பதைச் சுட்டுங்கள். "என் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன்" என்று மொத்தமாகச் சொன்னால், ஒரு மணி நேரப் பேச்சில் எந்தப் பகுதி என்று கேட்பவருக்குத் தெரியாது. "கணக்கில் முறைகேடு செய்தார் என்று நேற்று நான் சொன்னது தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன்" என்பதில் பொருளும் இருக்கிறது, நாளும் இருக்கிறது, ஒப்புதலும் இருக்கிறது. புண்படுத்தும் சொல்லாக இருந்தால் அதை மறுபடி அச்சில் ஏற்ற வேண்டியதில்லை. "நேற்றைய கூட்டத்தில் அவரைக் குறித்து நான் பயன்படுத்திய சொல்" என்று சுட்டினாலே போதும். இல்லாவிட்டால் திரும்பப் பெறும் சாக்கில் திரும்பச் சொன்னதாகிவிடும்.

"யார் மனமாவது புண்பட்டிருந்தால் திரும்பப் பெறுகிறேன்" என்ற வாய்பாட்டை எனக்குப் பிடிக்காது. அந்த "இருந்தால்" முழுப் பாரத்தையும் கேட்டவர் தலையில் வைக்கிறது. புண்படவில்லை என்றால் சொன்னது சரி என்று பொருளா?

மன்னிப்பும் இதுவும் ஒன்றல்ல. சொன்னதைத் திரும்பப் பெறாமலே, சொன்ன விதத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம். மன்னிப்புக் கேட்காமலே, புதிய சான்று கிடைத்ததால் கருத்தைத் திரும்பப் பெறலாம். "வருத்தம் தெரிவித்தார்" என்பது மூன்றாவது. அது மழைக்காகவும் தெரிவிக்கக்கூடியது. செய்தி எழுதுகிறவர் இந்த மூன்றில் எது நடந்ததோ அதை மட்டும் எழுத வேண்டும்; வருத்தம் தெரிவித்தவரை மன்னிப்புக் கேட்டவராக்குவது அடிக்கடி நடக்கிற பிழை.

படி 6: அழித்ததைத் திரும்பப் பெற்றதாக எழுதாதீர்கள்

சமூக ஊடகங்கள் வந்தபின் சேர்ந்த படி இது. ஒருவர் ஒரு பதிவைப் போடுகிறார், எதிர்ப்பு எழுகிறது, பதிவு மறைகிறது. உடனே "கருத்தைத் திரும்பப் பெற்றார்" என்று செய்தி வருகிறது. அவர் எதையும் பெறவில்லை. பதிவை நீக்கினார், அவ்வளவுதான். நீக்குதல் சத்தமில்லாமல் நடக்கும், சொன்னதன் தடயத்தை அழிக்கும். திரும்பப் பெறுதலுக்கு ஊரறிய ஒரு சொல் வேண்டும், தடயம் இருந்தே ஆக வேண்டும்.

ஆய்விதழ்களின் நடைமுறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திப் பேசிய கட்டுரை 1998-இல் லான்செட் இதழில் வந்தது. 2004-இல் உடன் எழுதியவர்களில் 10 பேர் அந்த விளக்கத்தைத் திரும்பப் பெற்றனர். கட்டுரை முழுவதையும் அல்ல, அதிலிருந்து செய்யப்பட்ட முடிவை மட்டும். 2010 பிப்ரவரியில் இதழே கட்டுரையை முழுதாகத் திரும்பப் பெற்றது. அதற்காக அந்தப் பக்கங்களைக் கிழித்து எறிந்துவிடவில்லை. கட்டுரை இன்றும் படிக்கக் கிடைக்கிறது, திரும்பப் பெறப்பட்டது என்ற முத்திரையோடு. தமிழில் இதைச் சிலர் "கட்டுரை நீக்கப்பட்டது" என்று எழுதுகிறார்கள். அது தவறான படத்தைத் தருகிறது. இதே நிகழ்வில் 2004-இல் நடந்ததற்கு "கட்டுரையைத் திரும்பப் பெற்றனர்" என்று எழுதினாலும் பிழையே. திரும்பப் பெறுதலுக்கு அளவு உண்டு, எவ்வளவு என்று சொல்ல வேண்டும்.

சட்டமன்ற, நாடாளுமன்றச் செய்திகளில் "அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது" என்பது அவைத்தலைவரின் ஆணை. உறுப்பினர் "திரும்பப் பெறுகிறேன்" என்பது அவருடைய சொந்தச் செயல். ஒன்று நடந்தால் மற்றதும் நடந்ததாக ஆகாது. பேச்சு குறிப்பிலிருந்து நீங்கியும் பேசியவர் விடாமல் நிற்கும் நாள்கள் உண்டு.

பத்திரிகைத் திருத்தம் தனி. நாளோ பெயரோ தொகையோ தவறினால் அது திருத்தம். செய்தியின் அடிப்படையே தவறாக இருந்தால்தான் திரும்பப் பெறுதல். பெரிய தவறைச் சிறிய எழுத்தில் "திருத்தம்" என்று போடுவது பழைய தந்திரம்.

படி 7: திரும்பப் பெற்றதைத் திரும்பப் பெறும்போது

இப்படியும் நடக்கும். ஒருவர் சொன்னார், திரும்பப் பெற்றார், பிறகு அந்தத் திரும்பப் பெறுதலையே திரும்பப் பெற்றார். எழுதுகிறவருக்கு இதைவிடச் சோதனை வேறில்லை.

இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயராக இருந்த தாமஸ் கிரான்மர், கத்தோலிக்கரான முதலாம் மேரி அரசியின் காலத்தில் சிறையில் இருந்தபோது, தம் சீர்திருத்தக் கொள்கைகளைக் கைவிடுவதாக ஒன்றன்பின் ஒன்றாகப் பல அறிக்கைகளில் கையெழுத்திட்டார். 1556 மார்ச் 21 அன்று ஆக்ஸ்போர்டில், எரிக்கப்படுவதற்கு முன், அதையே மக்கள் முன்னால் வாய்மொழியாகச் சொல்வார் என்று எதிர்பார்த்து அவரைத் தேவாலயத்தில் நிறுத்தினார்கள். அவரோ தாம் கையெழுத்திட்ட அறிக்கைகள் அனைத்தும் உயிருக்குப் பயந்து எழுதியவை, அவற்றை விட்டொழிக்கிறேன் என்றார். கையெழுத்திட்ட வலக்கைதான் முதலில் எரியும் என்றும் சொன்னார். தீ மூட்டப்பட்டபோது அந்தக் கையைத்தான் முதலில் நீட்டினார்.

இதைத் தமிழில் எழுதும் முதல் முயற்சி பெரும்பாலும் இப்படி வரும்: "கொள்கைகளைத் திரும்பப் பெற்ற கிரான்மர், திரும்பப் பெற்றதைத் திரும்பப் பெற்றார்." பிழை ஒன்றும் இல்லை; யாருக்கும் புரியாது. ஒரே வினை மூன்று முறை வரும்போது எது எதை நோக்கித் திரும்புகிறது என்று வாசகர் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. இத்தகைய இடத்தில் முதல் இரண்டு படிகளுக்குத் திரும்புங்கள். முதலில் இருந்தது கொள்கை. ஆகவே அங்கே "கைவிடுதல்". அடுத்தது தாளில் எழுதிய அறிக்கை. ஆகவே "திரும்பப் பெறுதல்" அதற்கு மட்டும். வினைகள் பிரிந்ததும் வாக்கியம் தெளிகிறது: "தம் கொள்கைகளைக் கைவிடுவதாகச் சிறையில் கையெழுத்திட்ட அறிக்கைகளை, கிரான்மர் இறக்கும் நாளில் திரும்பப் பெற்றார்."